மோரும் தேனும்: கம்பாரட்டிவ், சூப்பர்லேட்டிவ் சிக்கல்கள்



பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சாச்சு. ஆப்டிட்யூட் தேர்வில் கணக்கு, லாஜிக் எல்லாம் ஊதித் தள்ளிட்டு, வெர்பல் பகுதி வந்ததும் திணறுற நண்பர்கள் எல்லா டிபார்ட்மென்ட்டிலும் இருக்காங்க. 'இந்த வாக்கியத்தில் பிழை எங்கே?' என்று கேட்கும் கேள்விகளில் அடிக்கடி தலை காட்டுவது டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன். பள்ளியில் படிச்சதுதான்: டால், டாலர், டாலஸ்ட். இதில் என்ன பெருசா இருக்குன்னு தோணும்.

அப்புறம் ஏன் இன்டர்வியூவில் 'திஸ் மெத்தட் இஸ் மோர் பெட்டர்' என்று வாய் தானாகச் சொல்லுது? தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் ரெண்டு பக்கமும் இது நடக்குது. படிப்புக் குறைவு இதுக்குக் காரணம் இல்லை. தமிழ் ஒப்பிடுற முறையும் ஆங்கிலம் ஒப்பிடுற முறையும் அடிப்படையிலேயே வேற. அந்த வித்தியாசம் புரிஞ்சா பாதிச் சிக்கல் தீர்ந்துடும். மீதிப் பாதியில் பல இடங்களில் தமிழே கைகொடுக்கும். எப்படின்னு பார்ப்போம்.

ஒரு சின்னக் குறிப்பு: இந்தக் கட்டுரையில் 'மோர்' குடிக்கிற மோர் இல்லை, 'தேன்' கொல்லிமலைத் தேனும் இல்லை. எடுத்துக்காட்டுகளைச் சத்தமா வாசிங்க. கண்ணுக்குத் தப்புற பிழை காதுக்குத் தப்பாது.

1. தமிழ் எப்படி ஒப்பிடுது?

நான் தங்கியிருக்கிற புத்தூரையே எடுத்துக்குவோம். பக்கத்திலேயே உறையூர், சங்க காலச் சோழர்களின் தலைநகர். 'உறையூர் பழசு', 'புத்தூரை விட உறையூர் பழசு', 'இந்தப் பக்கத்திலேயே உறையூர்தான் பழசு.' மூணு வாக்கியத்திலும் 'பழசு' என்ற சொல் ஒரு எழுத்துகூட மாறலை. ஒப்பீட்டு வேலையை எல்லாம் வெளியே நிக்கிற 'விட', 'இலேயே' மாதிரிச் சொற்களும் உருபுகளும் செய்யுது.

'விட' என்பது 'விடு' என்ற வினையிலிருந்து வந்தது. புத்தூரை விட்டுட்டுப் பார்த்தா உறையூர் பழசு என்பது போல. 'காட்டிலும்' என்பதில் 'காட்டு' இருக்கு, 'பார்க்கிலும்' என்பதில் 'பார்' இருக்கு. பள்ளி இலக்கணத்தில் இதையெல்லாம் ஐந்தாம் வேற்றுமையின் கீழே படிச்சிருப்போம். திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல், 1856-இல் வெளியான தன் ஒப்பிலக்கண நூலில் இதைக் கவனிச்சு எழுதியிருக்கார்: ஐரோப்பிய மொழிகள் போல அடைச்சொல்லோடு விகுதி ஒட்டி ஒப்பிடுற பழக்கம் திராவிட மொழிகளில் இல்லை.

ஆங்கிலம் நேர் எதிர். அங்கே அடைச்சொல் மேலேயே குறி விழணும். 'ஓல்ட்' போய் 'ஓல்டர்' ஆகணும், கூடவே வெளியே 'தேன்' வரணும்.

இப்போ நம்ம மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. தமிழில் நினைக்கிறோம். 'பெட்டர்' என்ற சொல்லை முழுச் சொல்லாகவே, 'நல்லது' மாதிரி, மனசில் வச்சிருக்கோம். 'இது பெட்டர்ப்பா' என்று தினமும் தமிழுக்கு நடுவே சொல்றோம். ஒப்பீட்டுக் குறி அதுக்குள்ளேயே இருக்குன்னு தோணுறதில்லை. அதனால 'இன்னும் நல்லது' என்று சொல்ல நினைக்கும்போது 'இன்னும்' என்பதுக்கு ஒரு 'மோர்' ஊத்திடுறோம்.

2. ஒரு ஒப்பீட்டுக்கு ஒரு குறி

முதல் விதி இதுதான். 'அர்' போட்டா 'மோர்' வேண்டாம். 'மோர்' போட்டா 'அர்' வேண்டாம். 'எஸ்ட்', 'மோஸ்ட்' ரெண்டுக்கும் இதே கதைதான்.

'மோர் பெட்டர்', 'மோர் ஈஸியர்', 'மோஸ்ட் டாலஸ்ட்' எல்லாம் ரெண்டு தடவை உப்புப் போட்ட சாம்பார். 'பெட்டர்', 'ஈஸியர்', 'டாலஸ்ட்' போதும்.

ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். இந்த இரட்டைக் குறி ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே எழுதினதுதான். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தில், ஆண்டனி பேசும் புகழ்பெற்ற உரையிலேயே ஒரு இரட்டை சூப்பர்லேட்டிவ் இருக்கு. அழுத்தத்துக்காக அப்படிப் போட்டாங்க, யாரும் சிரிக்கலை. பின்னால் 18-ஆம் நூற்றாண்டில் இலக்கணப் புத்தகங்கள் பெருகினபோதுதான் இது தப்புன்னு முத்திரை குத்தப்பட்டது. 1762-இல் ராபர்ட் லோத் எழுதின இலக்கண நூல் அதில் முக்கியமானது. ஆங்கிலத்தில் இன்னிக்கும் செல்லுபடியாகிற 'லெஸ்ஸர்' என்ற சொல்லே, ஏற்கெனவே கம்பாரட்டிவ் ஆன 'லெஸ்' மேல இன்னொரு 'அர்' ஒட்டினதுதான்!

இதை ஏன் சொல்றேன்னா, போன செமஸ்டர் ஒரு மாக் ஜிடியில் நண்பர் ஒருத்தர் நல்ல பாயின்ட் ஒண்ணு எடுத்தார். 'மோர் பெட்டர்' என்று வாயில வந்ததும் ரெண்டு பேர் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அந்தப் பதினைந்து நிமிஷமும் அவர் வாயே திறக்கலை. அந்தப் பாயின்ட்டை வேற ஒருத்தர் எடுத்துப் பேசி நல்ல பேர் வாங்கிட்டார். 'மோர் பெட்டர்' இன்னிக்குத் தேர்விலும் வேலையிலும் தப்புதான், திருத்திக்கத்தான் வேணும். ஆனா அது இன்டர்வியூக்குச் சட்டையை இன் பண்ணிட்டுப் போற மாதிரி ஒரு நடைமுறை. மூளையை அளக்கிற ஸ்கேல் கிடையாது. அடுத்த தடவை யாராவது சொன்னா சிரிக்காதீங்க, முடிஞ்சதும் தனியா சொல்லிக் கொடுங்க.

3. எதுக்கு 'அர்', எதுக்கு 'மோர்'?

சொல்லில் எத்தனை அசைன்னு எண்ணணும். தாடைக்குக் கீழே கையை வச்சுச் சொல்லைச் சொல்லுங்க. பெரும்பாலும் தாடை எத்தனை முறை இறங்குதோ அத்தனை அசை. 'ஸ்மார்ட்' ஒண்ணு. 'ஹாப்பி' ரெண்டு. 'எஃபிஷியன்ட்' மூணு.

ஓரசைச் சொல்: 'அர்', 'எஸ்ட்'. ஸ்மார்ட்டர், சீப்பர், ஃபாஸ்டஸ்ட்.

மூணு அசையும் அதுக்கு மேலும்: 'மோர்', 'மோஸ்ட்'. மோர் எஃபிஷியன்ட், மோஸ்ட் இம்பார்ட்டன்ட்.

ரெண்டசைதான் தகராறு. 'ஈ' ஒலியில் முடிஞ்சா 'அர்' வாங்கும்: ஹாப்பியர், ஈஸியர், ஹெவியர். 'சிம்பிள்', 'நாரோ', 'க்ளெவர்' போன்றவையும் 'அர்' வாங்கும்: சிம்ப்ளர், நாரோவர், க்ளெவரர். மத்தபடி பெரும்பாலும் 'மோர்': மோர் யூஸ்ஃபுல், மோர் மாடர்ன், மோர் கேர்ஃபுல். 'குவையட்', 'பொலைட்', 'காமன்' மாதிரிச் சில சொற்கள் ரெண்டு வழியும் போகும். சந்தேகம் வந்தா 'மோர்' போட்டுடுங்க. ரெண்டசைச் சொல்லுக்கு அதுதான் ஆபத்து குறைவான வழி.

இனி விதிக்கு அடங்காதவை:

ஓரசையா இருந்தும் 'மோர்' கேட்பவை: ஃபன், ரியல், ராங். 'மோர் ஃபன்' சரி, 'ஃபன்னர்' தேர்வில் தப்பு. வினையிலிருந்து வந்த 'போர்ட்', 'டயர்ட்', 'வோர்ன்' மாதிரிச் சொற்களுக்கும் 'மோர்'தான்.

மூணு அசையா இருந்தும் 'அர்' வாங்குபவை: அன்ஹாப்பியர், அன்டைடியர். முன்னாடி 'அன்' ஒட்டினதால மட்டும் நீண்ட சொற்கள் இவை. அடியில் இருக்கிறது 'ஹாப்பி'தானே.

எழுத்துக்கூட்டலில் ஒரு சிக்கல் உண்டு. 'ஹாட்' என்பதைக் 'ஹாட்டர்' ஆக்கும்போது கடைசி எழுத்து ஏன் இரட்டிக்குது, 'கூல்' என்பதைக் 'கூலர்' ஆக்கும்போது ஏன் இரட்டிக்கலை? இதுக்குத் தமிழ்ப் புணர்ச்சி விதியை நினைச்சுக்கோங்க. கண் + அழகு = கண்ணழகு. கால் + அடி = காலடி. முன்னாடி தனிக் குறில் இருந்தா மெய் இரட்டிக்கும், நெடில் இருந்தா இரட்டிக்காது. ஆங்கில எழுத்திலும் ஏறக்குறைய அதே கதை. ஹாட், பிக், தின், வெட் எல்லாம் 'கண்' கட்சி. கூல், டீப், க்ளீன் எல்லாம் 'கால்' கட்சி. 'திக்' மாதிரி ஏற்கெனவே ரெண்டு மெய்யில் முடியுற சொல்லில் இரட்டிக்க எதுவும் இல்லை.

உச்சரிப்பிலும் ஒண்ணு உண்டு. 'லாங்', 'ஸ்ட்ராங்', 'யங்' மூணிலும் ஆங்கிலேயர் கடைசியில் 'க' ஒலிக்க மாட்டாங்க, 'அங்ஙனம்' என்பதில் வர்ற 'ங' மட்டும்தான். ஆனா 'லாங்கர்', 'ஸ்ட்ராங்கர்', 'யங்கர்' ஆனதும் 'க' வந்துடும். பாடகரைக் குறிக்கிற 'சிங்கர்' என்ற சொல்லில் மட்டும் அந்த 'க' வராது. நாம ரெண்டையும் ஒரே மாதிரிதான் சொல்றோம்.

4. ஒழுங்கில்லாதவற்றில் ஒரு ஒழுங்கு

குட், பெட்டர், பெஸ்ட். பேட், வர்ஸ், வர்ஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். மெனி அல்லது மச், மோர், மோஸ்ட். இவ்வளவுதான், மனப்பாடம் பண்ணிடலாம்.

ஆனா கொஞ்சம் உத்துப் பாருங்க. முதல் சொல்லுக்கு 'அ' என்றும், அதிலிருந்து வேறான வேருக்கு 'ஆ' என்றும் பேர் வச்சா, குட்-பெட்டர்-பெஸ்ட் வரிசை அ-ஆ-ஆ. 'குட், பெட்டர், குடெஸ்ட்' என்று அ-ஆ-அ வரிசை ஏன் இல்லை? ஜோனதன் பொபால்யிக் என்ற மொழியியலாளர் 300-க்கும் மேற்பட்ட மொழிகளின் தரவைத் திரட்டி 2012-இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்ட பொது விதி: கம்பாரட்டிவில் வேர் மாறினா சூப்பர்லேட்டிவில் பழைய வேர் திரும்பி வராது. ஏன்னா சூப்பர்லேட்டிவ் கம்பாரட்டிவுக்கு மேலே கட்டின மாடி. கீழ்த்தளத்தை மாத்திட்டு மாடியை மட்டும் பழைய அஸ்திவாரத்தில் நிறுத்த முடியாது. அ-ஆ-இ வரிசை உண்டு. லத்தீனில் 'நல்ல' என்பதுக்கு போனுஸ், மெலியோர், ஆப்டிமுஸ் என்று மூணுமே வேற. இந்த ஆப்டிமுஸ் எங்கேயோ கேட்ட பேரா இருக்கா? அடுத்த பகுதியில் வர்றார்.

5. 'எனக்கு சீனியர்'

கேம்பஸில் அதிகம் புழங்குற பிழை: 'ஹி இஸ் சீனியர் தேன் மீ.' சரியானது: 'ஹி இஸ் சீனியர் டு மீ.'

ஏன் 'டு'? சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. அங்கேயே அவை கம்பாரட்டிவ். 'சீனியர்' என்றாலே 'அதிக வயதுள்ள' என்றுதான் பொருள். ஒப்பீட்டுக் குறி உள்ளேயே இருப்பதால் 'மோர் சீனியர் தேன்' என்பதெல்லாம் தேர்வில் பிழை. பின்னாடி 'டு'தான் வரும். 'ப்ரிஃபர்' என்ற வினையும் இந்தக் கூட்டம்தான்: 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி.'

இதை மறக்காம இருக்க நம்ம பேச்சே போதும். 'அவர் எனக்கு சீனியர்' என்றுதானே சொல்றோம்? அந்த 'க்கு'தான் 'டு'. 'என்னை விட சீனியர்' என்று யோசிச்சாத்தான் 'தேன்' வந்து ஒட்டிக்குது.

இந்த லத்தீன் கூட்டம் நம்ம சிலபஸ் முழுக்க இருக்கு. 'மேஜர் ஆக்ஸிஸ்' என்றால் ரெண்டு அச்சில் பெரியது, 'மைனர் ஆக்ஸிஸ்' என்றால் சின்னது. ரெண்டும் கம்பாரட்டிவ். 'பிளஸ்' என்றால் லத்தீனில் 'இன்னும் அதிகம்', 'மைனஸ்' என்றால் 'இன்னும் குறைவு'. முதல் வகுப்பிலிருந்தே கம்பாரட்டிவ் போட்டுத்தான் கூட்டல் கழித்தல் பண்ணியிருக்கோம்! 'மாக்சிமம்', 'மினிமம்', 'ஆப்டிமம்' மூணும் சூப்பர்லேட்டிவ்: மிகப் பெரியது, மிகச் சிறியது, மிக நல்லது.

அப்போ ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'மோர் ஆப்டிமம் சொல்யூஷன்' என்று எழுதினா என்ன அர்த்தம்? 'இன்னும் மிகச் சிறந்தது'. சிறந்ததுக்கு மேல ஒண்ணு இருந்தா முதல்ல சொன்னது சிறந்ததே இல்லை. கணக்குப்படியும் தப்பு, இலக்கணப்படியும் தப்பு. 'மோர் எஃபிஷியன்ட்', 'க்ளோஸர் டு தி ஆப்டிமம்' என்று எழுதலாம். இதே காரணத்தால்தான் 'மோஸ்ட் யுனீக்', 'மோர் பெர்ஃபெக்ட்' போன்றவையும் தேர்வில் பிழை. யுனீக் என்றால் ஒண்ணே ஒண்ணு. ஒண்ணே ஒண்ணில் அதிகம் குறைவு கிடையாது. 'ஆல்மோஸ்ட் யுனீக்', 'நியர்லி பெர்ஃபெக்ட்' சரி.

6. ஜோடிக் குழப்பங்கள்

எல்டர், ஓல்டர். 'எல்டர்' குடும்பத்துக்குள்ள மட்டும், பெயருக்கு முன்னாடி மட்டும்: 'மை எல்டர் சிஸ்டர்.' பின்னாடி 'தேன்' வந்தா 'ஓல்டர்'தான்: 'ஷி இஸ் ஓல்டர் தேன் மீ.' இன்டர்வியூவில் குடும்பத்தைப் பத்திக் கேட்டதும் 'எல்டர் தேன் மீ' என்று வர்றது சகஜம். அக்கா, அண்ணன் என்ற சொற்களிலேயே மூப்பு இருப்பதால் நமக்கு ஒப்பீடே தேவைப்படுறதில்லை. ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' மொட்டையா நிக்கும், அதுக்கு 'அக்கா' வேலை செய்ய வைக்கிறதுதான் 'எல்டர்'. ஊருக்கு, கோயிலுக்கு, கம்பெனிக்கு எல்லாம் 'ஓல்டர்' மட்டுமே.

லெஸ், ஃப்யூவர். தமிழில் ரெண்டுக்கும் 'குறைவு' ஒண்ணுதான். ஆனா கேள்வி கேட்டுப் பாருங்க. 'எத்தனை?' என்று கேட்க முடிஞ்சா 'ஃப்யூவர்'. 'எவ்வளவு?' என்று கேட்டா 'லெஸ்'. எத்தனை பிழை? ஃப்யூவர் எரர்ஸ். எவ்வளவு நேரம்? லெஸ் டைம். தமிழ் இங்கே ஒரு இலவச டெஸ்ட்டிங் டூல்.

ஃபார்தர், ஃபர்தர். தூரத்துக்கு ரெண்டும் வரலாம். 'மேலும்', 'கூடுதலாக' என்ற பொருளுக்கு 'ஃபர்தர்' மட்டும். மேற்படிப்பு என்பது 'ஃபர்தர் ஸ்டடீஸ்'.

லாஸ்ட், லேட்டஸ்ட். 'லாஸ்ட்' கடைசியானது, அல்லது இதுக்கு முந்தினது. 'லேட்டஸ்ட்' இதுவரை வந்ததில் புதுசு. ரெஸ்யூமேயில் இப்போ பண்ணிட்டு இருக்கிற ப்ராஜெக்ட்டை 'மை லாஸ்ட் ப்ராஜெக்ட்' என்று போட்டா, அதோட கடையை மூடிட்டீங்களான்னு தோணும். 'லேட்டஸ்ட்' போடுங்க.

இன்னொரு சுவாரசியம்: 'நெக்ஸ்ட்' என்ற சொல் ஒரு காலத்தில் சூப்பர்லேட்டிவ். பழைய ஆங்கிலத்தில் 'பக்கத்தில்' என்பதன் வரிசை இன்றைய வடிவில் நை, நியர், நெக்ஸ்ட். அப்போ 'நியர்' என்பதே கம்பாரட்டிவ்! அது மறந்து போனதால மேல இன்னொரு 'அர்' ஒட்டி 'நியரர்' ஆக்கிட்டாங்க. நம்ம வாயில 'பெட்டர்' முழுச் சொல்லா மாறிப் போன அதே கதை.

7. யாரை யாரோடு ஒப்பிடுறோம்?

இது இலக்கணம் பாதி, லாஜிக் பாதி. தேர்வில் அதிகம் மடக்குறதும் இதுதான்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை எடுத்துக்குவோம். 13 நிலை, 236 அடி, 1987-இல் கட்டி முடிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலேயே உயரமான கோபுரம். இதை 'டாலர் தேன் எனி கோபுரம் இன் தமிழ்நாடு' என்று எழுதினா பிழை. ஸ்ரீரங்கமும் தமிழ்நாட்டில்தானே இருக்கு? தன்னை விடத் தானே உயரமா இருக்க முடியாது. 'டாலர் தேன் எனி அதர் கோபுரம் இன் தமிழ்நாடு' என்பதுதான் சரி. தமிழில் 'வேற எந்தக் கோபுரத்தையும் விட' என்கிறோம் இல்லையா, அந்த 'வேற'தான் 'அதர்'. அதே கோபுரத்தைக் கேரளக் கோபுரங்களோடு ஒப்பிட்டா 'அதர்' வேண்டாம், அந்தக் கூட்டத்தில் இது இல்லையே.

பள்ளியில் செய்த மாற்றமும் இதோட சேர்ந்ததுதான். சூப்பர்லேட்டிவ்: 'இட் இஸ் தி டாலஸ்ட் கோபுரம்.' கம்பாரட்டிவ்: 'டாலர் தேன் எனி அதர் கோபுரம்.' பாசிட்டிவ்: 'நோ அதர் கோபுரம் இஸ் ஆஸ் டால் ஆஸ் இட்.' மூணும் ஒரே உண்மை. கடைசி ரெண்டிலும் 'அதர்' இருக்கான்னு பாருங்க.

அடுத்தது கல்லணை. 'கல்லணை இஸ் ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் டாம்ஸ் ஸ்டில் இன் யூஸ்.' இதில் 'டாம்ஸ்' பன்மை. 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் காலேஜ்', 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடண்ட்' என்று பன்மை இல்லாம எழுதுறது ஊர் முழுக்க பேனரில் நிக்குது. தமிழில் 'பழமையான அணைகளில் ஒன்று' என்கிறோம். யாரும் 'அணையில் ஒன்று' என்று சொல்றதில்லை. அந்த 'கள்'ளை ஆங்கிலத்துக்கும் கூட்டிட்டுப் போங்க. ஆனா வினை 'ஒன்' பக்கம் நிக்கும், அதனால 'இஸ்'.

மூணாவது, உயரத்தை உயரத்தோடதான் ஒப்பிடணும். 'தி ஹைட் ஆஃப் தி ராஜகோபுரம் இஸ் கிரேட்டர் தேன் தி தஞ்சாவூர் விமானம்' என்பதில் உயரத்தை விமானத்தோடு ஒப்பிட்டிருக்கு. 'தேன் தட் ஆஃப் தி தஞ்சாவூர் விமானம்' என்று வரணும். லேப் ரிப்போர்ட்டில் 'சாம்பிள் ஒன்றின் வலிமை சாம்பிள் ரெண்டை விட அதிகம்' என்று எழுதும்போதெல்லாம் இந்த 'தட் ஆஃப்' தேவைப்படும்.

8. 'ரொம்ப'வுக்கு 'வெரி' எல்லா இடத்திலும் செல்லாது

'அதை விட இது ரொம்ப நல்லது' என்பது 'வெரி பெட்டர்' ஆகாது. கம்பாரட்டிவுக்கு முன்னாடி 'மச்' அல்லது 'ஃபார்': 'மச் பெட்டர்', 'ஃபார் ஈஸியர்'. தமிழில் 'மிகப் பெரிய' என்பது 'வெரி பிக்' ஆகவும் இருக்கலாம், 'பிக்கஸ்ட்' ஆகவும் இருக்கலாம். மொழிபெயர்க்கும் முன்னாடி எதுன்னு முடிவு பண்ணிக்கோங்க.

'எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது': 'தி சூனர் தி பெட்டர்.' ரெண்டு பக்கமும் 'தி', ரெண்டு பக்கமும் கம்பாரட்டிவ்.

ரெண்டே பேர் இருந்தா சூப்பர்லேட்டிவ் வேண்டாம்: 'தி டாலர் ஆஃப் தி டூ.' 'பெஸ்ட்' வர மூணு பேராவது வேணும் என்பது தேர்வு விதி.

'3 மடங்கு வேகம்' என்பதை 'த்ரீ டைம்ஸ் ஆஸ் ஃபாஸ்ட் ஆஸ்' என்று எழுதுங்க. 'த்ரீ டைம்ஸ் ஃபாஸ்டர் தேன்' என்றால் 3 மடங்கா, 3 மடங்கு கூடுதலா (அதாவது 4 மடங்கா) என்று கேட்க ஒருத்தர் ரிவ்யூ பேனலில் உட்கார்ந்திருப்பார்.

9. பயிற்சி

கீழே உள்ளவற்றில் பிழையைக் கண்டுபிடிங்க. விடையை மறைச்சு வச்சுட்டு முயற்சி பண்ணுங்க.

அ) தி காவேரி இஸ் மோர் வைடர் தேன் தி உய்யக்கொண்டான்.
ஆ) மை பிரதர் இஸ் எல்டர் தேன் மீ.
இ) திருச்சி இஸ் ஒன் ஆஃப் தி ஹாட்டஸ்ட் சிட்டி இன் தமிழ்நாடு.
ஈ) திஸ் கோட் ஹாஸ் லெஸ் பக்ஸ்.
உ) ஷி இஸ் ஜூனியர் தேன் மீ பை டூ இயர்ஸ்.
ஊ) தி சம்மர் ஆஃப் திருச்சி இஸ் ஹாட்டர் தேன் ஊட்டி.
எ) அவர் டிசைன் இஸ் வெரி சீப்பர்.
ஏ) தமிழ்நாடு இஸ் பிக்கர் தேன் கேரளா.

விடைகள்:

அ) 'மோர்' எடுத்துடுங்க, 'வைடர்' போதும். இரட்டைக் குறி.
ஆ) 'ஓல்டர் தேன் மீ'. பின்னாடி 'தேன்' இருக்கு.
இ) 'சிட்டீஸ்'. நகரங்களில் ஒன்று.
ஈ) 'ஃப்யூவர் பக்ஸ்'. எத்தனை பக் என்று கேட்கலாம்.
உ) 'ஜூனியர் டு மீ'. எனக்கு ஜூனியர்.
ஊ) 'தேன் தட் ஆஃப் ஊட்டி'. கோடையை ஊரோடு ஒப்பிடக் கூடாது.
எ) 'மச் சீப்பர்'. 'வெரி' செல்லாது.
ஏ) பிழை இல்லை. எல்லாத்திலும் பிழை தேடுற பழக்கம் வந்துட்டா சரியான வாக்கியத்தையும் சந்தேகப்படுவோம். 'நோ எரர்' என்ற ஆப்ஷனும் சும்மா வைக்கிறதில்லை.

ஆறுக்கு மேல சரியா வந்தா நீங்க தயார். குறைஞ்சா, தப்பான விடைக்குரிய பகுதியை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க, முழுக் கட்டுரையும் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. தமிழில் யோசிச்சு ஆங்கிலத்தில் பேசாதீங்கன்னு நிறைய பேர் அறிவுரை சொல்வாங்க. இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை, தமிழில் ஒழுங்கா யோசிச்சாலே பல பிழை தானா விழுந்துடும். 'எனக்கு சீனியர்', 'வேற எந்த', 'அணைகளில் ஒன்று', 'எத்தனை, எவ்வளவு' என்ற நாலு துண்டையும் ஒரு பேப்பரில் எழுதி ரூம் சுவரில் ஒட்டுங்க. இன்டர்வியூ ஹாலுக்குள்ள போறப்போ இலக்கணம் ஞாபகம் வராது, ஆனா இந்த நாலும் வரும். பேசும்போது நடுவில் ஒரு 'மோர்' கூட விழுந்துட்டா நிறுத்தாதீங்க. உங்க பாயின்ட்டை முடிச்சுட்டு உட்காருங்க.

எல்லாருக்கும் பிளேஸ்மென்ட் வாழ்த்துகள்!